அன்றிரவே டவுன்லோட்: ஒரு பேண்டின் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வெளியிடும் வேலை

ஐந்து பேர் கொண்ட ஒரு பேண்டுக்கு ரெக்கார்டிங் வேலை பார்க்கிறேன். மேடை நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் முழுசாகப் பதிவு செய்து, அன்றிரவே, தள்ளிப்போனால் மறுநாள் காலைக்குள், ரசிகர்கள் காசு கொடுத்து டவுன்லோட் செய்துகொள்கிற மாதிரி வெளியிட வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது அது வழக்கமாகவே நடக்கிறது. எதை எப்படிச் செய்கிறோம், ஏன் அப்படி முடிவு செய்தோம் என்று எழுதி வைத்தால் இதே வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அன்றிரவு வெளியீடு நடக்காது, முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்.

யோசனை பழையதுதான். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரிலிருந்து, தங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கு அரங்கில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. அந்த டேப்புகள் காசு வாங்காமல் கைமாறிக்கொண்டே இருந்தன. இன்னொரு ராக் குழுவான பேர்ல் ஜாம் 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை நிகழ்ச்சிக்கு ஒன்றாக 72 ஆல்பங்களாக வெளியிட்டது. ஃபிஷ் குழு 2002 டிசம்பர் 31 நிகழ்ச்சியிலிருந்து டவுன்லோடாகவே விற்க ஆரம்பித்தது, மெட்டாலிகா 2004இல் அதே வழியில் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் வாசலிலேயே சிடி எரித்துக் கொடுக்கும் முறையும் அந்தச் சமயத்தில் வந்தது. அதற்கான ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிளியர் சேனல் நிறுவனத்தின் கையில் இருந்தது; டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் அதை எதிர்த்து மனுப் போட்டது, 2007இல் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது. அது நின்றிருந்தால் சின்னக் குழுக்கள் இதைத் தொடுவதற்கே யோசித்திருக்கும். எனக்கு அந்த ரத்து இன்றைக்கும் சந்தோஷமான செய்திதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

எல்லா மைக்குகளையும் கலக்கும் மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஸ்டீரியோவை அப்படியே பதிவு செய்து விற்றால் போதாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பெரிய மைதானத்தில் ஓரளவு போதும், ஏனென்றால் அங்கே டிரம்ஸ் முதல் குரல் வரை எல்லாமே ஸ்பீக்கர் வழியாகத்தான் கூட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது, மிக்சரில் இருக்கும் அளவும் காதில் விழும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில நூறு பேர் மட்டும் கொள்ளும் அரங்கில் அப்படி இல்லை. கிட்டார் ஆம்ப்பும் டிரம்ஸும் மேடையிலிருந்தே போதுமான சத்தத்தோடு வரும், அதனால் மிக்சரில் இருப்பவர் அவற்றை ஸ்பீக்கரில் லேசாகத்தான் சேர்ப்பார், குரலையும் கீபோர்டையும் தூக்கி வைப்பார். அரங்கில் நிற்பவருக்கு எல்லாம் சரியாகக் கேட்கும். அதே ஸ்டீரியோவை வீட்டில் ஹெட்போனில் போட்டால் பாடகி காதுக்குள் பாடுவார், டிரம்ஸ் பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி இருக்கும். அதை விற்க எனக்கு மனசு வராது. அதனால் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்து, பிறகு புதிதாக மிக்ஸ் செய்வது என்று முடிவானது.

எங்கள் மேடையில் 24 சேனல் வருகிறது. டிரம்ஸுக்கு எட்டு, பேஸ் கிட்டாருக்கு நேரடி லைன் ஒன்று ஆம்ப் மைக் ஒன்று, கிட்டாருக்கு இரண்டு, கீபோர்டுக்கு இரண்டு, குரல்கள் நான்கு, விருந்தாளிகளுக்காக இரண்டு காலி சேனல், கூட்டத்தின் பக்கம் திரும்பிய மைக்குகள் நான்கு. டிஜிட்டல் மிக்சர் என்பதால் ஒரே யூஎஸ்பி கேபிளில் எல்லாம் லேப்டாப்புக்கு வந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியை அளந்து எழுதும் எண்கள்), ஒவ்வொன்றும் 24 பிட் என்றால் 24 சேனலுக்கு மணிக்கு சுமார் 12.4 ஜிபி, இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு 25 ஜிபி. இன்றைய டிஸ்குகளுக்கு இது ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது வேறு: சாதாரண வேவ் ஃபைல் தன் அளவை 32 பிட் எண்ணில் எழுதி வைக்கிறது, அதனால் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 24 சேனலையும் ஒரே ஃபைலில் சேர்த்து எழுதினால் இருபது நிமிடத்திலேயே அந்த எல்லை வந்துவிடும், ரெக்கார்டர் அந்த இடத்தில் ஃபைலை உடைத்து அடுத்ததைத் தொடங்கும். சேனலுக்கு ஒரு மோனோ ஃபைல் என்று எழுதினால் எட்டு மணி நேரம் வரை பிரச்சினையே இல்லை. லேப்டாப்பில் மோனோதான் எழுதுகிறேன். மிக்சரிலேயே எஸ்டி கார்டில் எழுதும் இரண்டாவது பதிவு ஒன்றும் கூடவே ஓடுகிறது, அது உடைத்து உடைத்துத்தான் எழுதும், பரவாயில்லை, அது காப்புக்காக மட்டும்.

சேனலை மிக்சரின் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பது பெரிய கேள்வி. சேனலின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்குப் பிறகு எடுத்தால் அரங்குக்காக சவுண்ட் இன்ஜினியர் செய்யும் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் என் பதிவிலும் ஏறிவிடும். அதனால் மைக்கின் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்புக்கு அடுத்து, தொனியை மாற்றும் ஈக்யூவும் சத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சுருக்கும் கம்ப்ரசரும் தொடுவதற்கு முன்பு எடுக்கிறேன். அப்போதும் அந்தப் பெருக்கத்தின் அளவை வைக்கும் கெயின் திருகு இருவருக்கும் பொதுவானது. நடுப்பாட்டில் அவர் கெயினைத் திருப்பினால் என் டிராக்கில் சத்தம் படியேறிவிடும். எங்கள் சவுண்ட் இன்ஜினியர் அனுபவசாலி, எல்லோருக்கும் அவர் அண்ணன். சவுண்ட் செக் முடிந்ததும் அவரிடம், "அண்ணே, இனிமே கெயினைத் தொடாம ட்ரிம்மிலயும் ஃபேடர்லயும் பாத்துக்கங்க" என்று சொல்லிவிடுவேன். ப்ரீஆம்ப்புக்குப் பிறகு டிஜிட்டலில் இருக்கும் ட்ரிம்மை நான் எடுக்கும் இடத்துக்கு அப்பால் வருகிற மாதிரி மிக்சரில் அமைத்துக்கொண்டதால் அவருக்கும் கை கட்டப்படவில்லை. சவுண்ட் செக்கில் உச்சம் மைனஸ் 18 டெசிபல் வரை வந்தால் போதும் என்று வைக்கிறேன். கூட்டம் வந்து விளக்கு எரிந்ததும் எந்தக் குழுவும் சவுண்ட் செக்கில் வாசித்ததைவிடப் பலமாகத்தான் வாசிக்கும், டிரம்மர் கண்டிப்பாக. 24 பிட்டில் கீழே நிறைய இடம் இருக்கிறது, மேலே ஒரு முறை முட்டினால் அந்த அடி போனது போனதுதான்.

இனி கூட்டத்தின் மைக்குகள். இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதிக நேரம் கொடுத்ததும் இதற்குத்தான். இவை இல்லாத பதிவு ஸ்டுடியோ ஒத்திகை மாதிரி உலர்ந்துவிடும், பாட்டு முடிந்ததும் திடீரென்று ஒரு மௌனம் வரும். அன்று அந்த அரங்கில் இருந்த ஒருவர் இதைக் கேட்டு "ஆமாம், இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல வேண்டுமானால் அந்த அறையும் அந்த மனிதர்களும் பதிவில் இருந்தாக வேண்டும்.

இரண்டு ஜோடி வைக்கிறேன். ஒன்று மேடையின் இரு ஓரத்தில், ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து. இன்னொன்று மிக்சர் மேசை இருக்கும் இடத்தில், மேடையைப் பார்த்து, மூன்று மீட்டர் உயர ஸ்டாண்டில். உயரம் அவசியம், தலைமட்டத்தில் வைத்தால் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சொந்த விஷயமெல்லாம் தெளிவாகப் பதிவாகிவிடும், அதை விற்பனைக்கு வைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. மேடை ஓர ஜோடி முன்வரிசையின் கத்தலையும் விசிலையும் கூடப் பாடுவதையும் பிடிக்கும். மேசை ஜோடி அரங்கின் முழு ஒலியையும், அடியில் உருளும் பேஸையும் பிடிக்கும்.

சிக்கல் நேரத்தில் வருகிறது. சுமார் 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். மேசை மேடையிலிருந்து 24 மீட்டரில் இருந்தால் டிரம்ஸ் அடி அந்த மைக்கைத் தொட 70 மில்லி செகண்ட் ஆகும், 48 கிலோஹெர்ட்ஸில் 3,360 சாம்பிள். மேடை மைக்கில் வந்த அதே ஸ்னேர் டிரம் அடியோடு இதை அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும். எனவே மிக்ஸில் மேசை ஜோடியின் டிராக்கை அந்த அளவு முன்னால் நகர்த்தியாக வேண்டும். டேப் வைத்து அளந்து கணக்குப் போடலாம், ஆனால் அளவை நம்புவதைவிட ஒலியை நம்புவது நல்லது. சவுண்ட் செக்கில் டிரம்மரை ஸ்னேரின் விளிம்பில் தனியாகச் சில அடிகள் அடிக்கச் சொல்லி, இரண்டு டிராக்கிலும் அந்த அடியின் முதல் முள்ளைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறேன். நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது மறுபடி ஒரு முறை பார்ப்பேன், ஏனென்றால் அரங்கு நிறைந்ததும் காற்று சூடாகும், சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். 6 டிகிரி ஏறினால் 24 மீட்டருக்கு முக்கால் மில்லி செகண்ட் குறைந்துவிடும். கேட்க அற்பமாக இருக்கலாம், ஆனால் முக்கால் மில்லி செகண்ட் தள்ளி ஒரே ஒலி இரண்டு முறை சேர்ந்தால் 670 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும், ஸ்னேரின் சதை போய்விடும்.

கைதட்டல் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பின்வரிசையில் இருப்பவர் தாளத்தோடு கைதட்டுகிறார், ஆனால் அவருக்குத் தாளமே 70 மில்லி செகண்ட் தாமதமாகத்தான் வருகிறது. அவர் தட்டிய ஓசை மேடை ஓர மைக்குக்குத் திரும்பி வர இன்னொரு 70. ஆக 140. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடும் பாட்டில் கால் அடி என்பதே 125 மில்லி செகண்ட்தான், அப்படியானால் முழுக் கால் அடிக்கும் மேலாகப் பின்தங்கிய கைதட்டல். மேடை ஓர மைக்கை மட்டும் நம்பி எடுத்த பதிவுகளில் கூட்டத்துக்குத் தாளமே தெரியாது என்கிற மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம், பாவம், அவர்கள் சரியாகத்தான் தட்டியிருப்பார்கள். மேசை ஜோடியை 70 முன்னால் நகர்த்தினால் அதைச் சுற்றி நிற்பவர்களின் கைதட்டலும் கூடவே நகர்ந்து தாளத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எனவே தாளத்தோடு கூட்டம் தட்டுகிற, சேர்ந்து பாடுகிற இடங்களில் மேசை ஜோடியைத் தூக்கி ஓர ஜோடியைக் குறைக்கிறேன், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தலைகீழாக.

மேசை மைக்குகளுக்குக் கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டுத் தனியாக ஒரு கையடக்க ரெக்கார்டரில் எடுக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். அதிலும் வேலை நடக்கும், ஆனால் இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்பது மிகச் சாதாரணம், மணிக்கு 72 மில்லி செகண்ட் விலகல். முதல் பாட்டில் பொருத்தியது கடைசிப் பாட்டில் எதிரொலியாகக் கேட்கும். அப்படித்தான் செய்ய நேர்ந்தால் முதல் பாட்டிலும் கடைசிப் பாட்டிலும் விலகலை அளந்து, அந்த விகிதத்துக்கு ஃபைலை இழுத்தோ சுருக்கியோ சரிசெய்ய வேண்டும். நான் கேபிள் இழுத்து அதே மிக்சரில் செருகிவிடுகிறேன், ஒரே கடிகாரம், கவலை விட்டது.

மின்சாரம், லேப்டாப் பற்றிச் சுருக்கமாக. மிக்சருக்கும் எஸ்டி ரெக்கார்டருக்கும் யூபிஎஸ். விளக்குகளுக்கான டிம்மர் இருக்கும் லைனில் எதையும் செருகாமல் வேறு லைன் கேட்டு வாங்குவது. லேப்டாப்பில் வைஃபை, அப்டேட், தூக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கும் பஃபரை 1024 சாம்பிளுக்கு ஏற்றிவிடலாம், அந்த நேரத்தில் யாரும் அதன் வழியாக நேரடியாகக் கேட்கப் போவதில்லை என்பதால் தாமதம் பொருட்டில்லை. யூஎஸ்பி கேபிளை இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டுவது. கதவு திறந்து ஆட்கள் உள்ளே வரும்போதே ரெக்கார்டிங்கை ஓடவிட்டுவிடுவேன், கடைசி ஆள் வெளியேறும் வரை நிறுத்துவதில்லை, இடைவேளையிலும்தான்.

அடுத்தது உரிமைகள். இதையும் நிகழ்ச்சிக்கு வெகு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் நள்ளிரவில் யாரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. குழுவில் ஒவ்வொருவரும், அன்று மட்டும் வந்து வாசிக்கும் விருந்தாளியும், எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். பணம் எப்படிப் பிரியும் என்பதும் அதே தாளில் இருந்தால் நட்பு கெடாது. ஏதாவது நிறுவனத்தோடு குழுவுக்கு ஒப்பந்தம் இருந்தால் மேடைப் பதிவையும் அது கட்டுப்படுத்துகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். அரங்கு வாடகை ஒப்பந்தத்திலும் பதிவு செய்வதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் வரி ஒன்று ஒளிந்திருக்கும். இன்னொருவரின் பாட்டைப் பாடுவதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அரங்கு வாங்கி வைத்திருக்கும் உரிமம் அந்தப் பாட்டை அன்று மேடையில் பாடுவதற்கு மட்டுமே, பதிவை விற்பதற்கு அந்தப் பாட்டின் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வேண்டும். நாங்கள் பாட்டு வரிசை முடிவானதும் அடுத்தவர் பாட்டுகளைப் பிரித்து எழுதி, அனுமதி கைக்கு வந்தவற்றை மட்டும் வெளியீட்டில் சேர்க்கிறோம். வராதது அன்றைய நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கும். ஒரு பாட்டு குறைவது வருத்தம்தான், ஆனால் அதை எழுதியவரும் நம்மைப் போல இசையில் வாழ்கிறவர்.

மிக்ஸ் டெம்ப்ளேட்தான் நேரத்தை மிச்சப்படுத்தும் பெரிய விஷயம். ஒத்திகையைப் பதிவு செய்து, ஒவ்வொரு சேனலுக்கும் கீழ்ச்சுருதியை வெட்டும் ஃபில்டர், டாம் டிரம் மைக்குகளுக்கு அடி இல்லாதபோது மூடிக்கொள்ளும் கேட், குரலுக்குக் கம்ப்ரசர், அறையின் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், இடது வலது இடம் எல்லாவற்றையும் ஆற அமர உட்கார்ந்து செய்து சேமித்து வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் அன்றைய டிராக்குகளை அந்த டெம்ப்ளேட்டில் போட்டால் எண்பது சதவீதம் அப்போதே உட்கார்ந்துவிடும். அதற்கு மைக்குகள் ஒவ்வொரு முறையும் அதே சேனலில், அதே வகையில், கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அரங்குக்கு அரங்கு மாறுவது கூட்ட மைக்குகளும் பேஸும் மட்டும்தான். கூட்ட மைக்குகளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறேன், இல்லையென்றால் அறையின் உறுமல் பேஸ் கிட்டாரோடு சண்டை போடும்.

நிகழ்ச்சி ஓடும்போது நான் ஹெட்போனோடு உட்கார்ந்து குறி வைத்துக்கொண்டே இருப்பேன். பாட்டு தொடங்கும் இடத்தில் ஒரு மார்க்கர், ஏதாவது கோளாறு கேட்டால் அங்கே இன்னொன்று, பக்கத்தில் இரண்டு வார்த்தை: "ஊளை", "கீபோர்டு கேபிள் கரகர", "விருந்தாளி மைக் திறக்கத் தாமதம்". இரண்டு மணி நேரத்தைத் திரும்பக் கேட்டுக் கோளாறு தேட அன்றிரவு நேரம் கிடையாது, குறித்த இடங்களுக்கு மட்டும் நேராகப் போக வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதல் வேலை பிரதி எடுப்பது. மற்றவர்கள் மேடையைக் கழற்றிக் கட்டும்போதே 25 ஜிபியும் இரண்டாவது டிஸ்குக்குப் போய்விடும், அதற்குப் பிறகுதான் மிக்ஸைத் திறப்பேன். எதைத் திருத்துவது, எதை விடுவது என்பதில் குழுவோடு பேசி ஒரு வரையறை வைத்திருக்கிறோம். கருவியின் கோளாறைத் திருத்தலாம்: ஸ்பீக்கர் ஒலி மைக்குக்கே திரும்பி ஊளையிட்ட அலைவரிசையை அந்த இடத்தில் மட்டும் வெட்டலாம், செத்துப்போன மைக்குக்குப் பதில் கூட்ட மைக்கைத் தூக்கலாம். மனிதர்கள் வாசித்ததையும் பாடியதையும் தொடுவதில்லை, சுருதித் திருத்தம் கிடையாது, வேறு நாளின் வரியை எடுத்து ஒட்டுவது கிடையவே கிடையாது. பாட்டுகளுக்கு நடுவே யாரும் பேசாமல் சுருதி சேர்க்கும் நேரத்தை மட்டும் கைதட்டலுக்குள் மறைத்துச் சுருக்கலாம்.

ஒரு நிகழ்ச்சியில் பாடகி ஒரு சரணத்தின் முதல் வரியை மறந்துவிட்டார். முன்வரிசை அதை எடுத்துக் கொடுத்து, அரங்கே பாட, அவர் அடுத்த வரியில் சேர்ந்துகொண்டார். இறங்கி வந்ததும், "அண்ணா, அந்தப் பாட்டை மட்டும் எடுத்துடுங்களேன், ப்ளீஸ்" என்றார். "முதல்ல ஒரு தடவை கேளும்மா, அப்புறம் சொல்லு" என்று ஹெட்போனைக் கொடுத்தேன். அந்த வரியில் மேசை ஜோடியை நான்கு டெசிபல் ஏற்றியிருந்தேன், அவ்வளவு பேரும் தாளம் தப்பாமல் பாடுவது தெளிவாகக் கேட்டது. முழுசாகக் கேட்டார், இன்னொரு முறை ஓட்டச் சொன்னார், அது அப்படியே வெளியீட்டில் இருக்கிறது. எடுக்கத்தான் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன், அந்தக் குரல் அவருடையது, கடைசி வார்த்தையும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

சத்த அளவு பற்றி: முழு நிகழ்ச்சியையும் ஒரே துண்டாக வைத்து மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சராசரி சத்தத்தின் அலகு) பக்கம், ட்ரூ பீக், அதாவது ஒலியின் உண்மையான உச்சம், மைனஸ் 1 டெசிபலுக்கு மேல் போகாமல். பாட்டுப் பாட்டாக அளந்து சமப்படுத்தக் கூடாது. மெல்லிய பாட்டு மெல்லிசாகவும் அதற்கடுத்து வரும் வேகமான பாட்டு அறைகிற மாதிரியும் இருந்ததுதான் அந்த இரவு, சமப்படுத்தினால் அந்த எழுச்சி செத்துவிடும். பாட்டு முடியும்போது வெடிக்கும் கைதட்டலை மட்டும் கையால் மூன்று நான்கு டெசிபல் இறக்குகிறேன். கைதட்டல் எல்லா அலைவரிசையிலும் கூர்மையாக இருக்கும், உச்சம் மீறாமல் தடுக்கும் லிமிட்டரைப் போட்டு உலுக்கும், ஹெட்போனில் கேட்பவர் வால்யூமைக் குறைக்க ஓட வேண்டியிருக்கும்.

வெட்டும் வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் முழு நிகழ்ச்சியையும் ஒரே ஃபைலாக 44.1 கிலோஹெர்ட்ஸுக்கும், டிதர் (பிட் குறைவதால் வரும் கரகரப்பை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்த்து 16 பிட்டுக்கும் மாற்றுவது, அதற்குப் பிறகுதான் பாட்டுப் பாட்டாக வெட்டுவது. தலைகீழாகச் செய்தால், ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மாற்றும் கணக்குக்கு அடுத்த பக்கத்து சாம்பிள்கள் கிடைக்காது, ஒட்டுமிடத்தில் சின்னதாக ஒரு டிக் கேட்கும். வெட்டுமிடம் 588 சாம்பிளின் மடங்காக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன், சிடியின் ஒரு ஃபிரேம் அவ்வளவுதான், யாராவது எரித்துக் கேட்டால் இடைவெளி விழாது. கைதட்டலும் பேச்சும் முந்தைய டிராக்கின் வாலில் போகட்டும், அடுத்த டிராக் முதல் ஸ்வரத்துக்குச் சற்று முன்பு தொடங்கட்டும். ஒரு பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களுக்கு அதுதான் வசதி.

முக்கிய வடிவம் ஃப்ளாக். 2001இல் வந்த இந்த வடிவம் ஒரு பிட் கூட இழக்காமல் சுருக்குகிறது, உள்ளே இருக்கும் ஒலி மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம் எண்ணையும் தலைப்பகுதியிலேயே வைத்திருக்கிறது, அதனால் அப்லோட் செய்யும் முன் ஒரே கட்டளையில் எல்லா ஃபைலும் நலமா என்று சோதித்துவிடலாம். எம்பி3யும் தருகிறோம், ஆனால் அது 1152 சாம்பிள் கட்டங்களாகத்தான் எழுதும், பாட்டின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றிடம் சேரும், அதைக் கழித்து ஓட்டத் தெரியாத பிளேயரில் பாட்டுக்குப் பாட்டு கைதட்டல் அறுந்து அறுந்து கேட்கும். தொடர்ந்து கேட்கப் போகிறவர்கள் ஃப்ளாக்கை எடுங்கள் என்று டவுன்லோட் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

ஃபைலுக்குள் பெயர் விவரங்களை வைக்கும் டேக் எழுதும்போது ஆல்பத்தின் பெயரை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கி அப்புறம் அரங்கின் பெயர் போடுவது நல்லது, பத்து நிகழ்ச்சி வாங்கியவரின் பட்டியலில் தானாகவே காலவரிசையில் நிற்கும். ஃப்ளாக்கின் டேக் யூனிகோடில் இருப்பதால் பாட்டின் பெயரைத் தமிழிலேயே தைரியமாக எழுதலாம். ஃபைல் பெயரை மட்டும் எண்ணும் ரோமன் எழுத்துமாக வைக்கிறேன், ஜிப்பைப் பிரிக்கும் சில பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாக்கிவிடுகின்றன.

இரண்டு மணி நேரம் 16 பிட் ஃப்ளாக்கில் சுமார் 750 எம்பி வரும். நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் அப்லோட் ஆனால் 20 நிமிடம். 24 பிட் வடிவம் கிட்டத்தட்ட இதன் இருமடங்கு என்பதால் அதை மறுநாள் சேர்க்கிறோம், ஏற்கனவே வாங்கியவர்களுக்குக் கூடுதல் காசில்லாமல். அரங்கின் பொது வைஃபையை நம்புவதில்லை. பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வகையில் அனுப்புகிறேன். பேண்டின் சொந்தத் தளத்திலேயே விற்கிறோம். அது முடியாதவர்களுக்கு பேண்ட்கேம்ப் மாதிரி இடம் சுலபம், இழப்பில்லாத ஃபைலைக் கொடுத்தால் மற்ற வடிவங்களை அதுவே செய்துகொள்ளும், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். எங்கே விற்றாலும் வாங்கும் ஆசை உச்சத்தில் இருப்பது வாசலைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதனால் டிஷர்ட் விற்கும் மேசையிலேயே க்யூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை இருக்கிறது, அங்கேயே காசு கொடுத்துவிடலாம், ஃபைல் ஏறியதும் மின்னஞ்சலில் இணைப்பு போகும். எத்தனை மணிக்கு வரும் என்று அட்டையில் தெளிவாக எழுதியிருக்கும், அந்த நேரத்தைத் தாண்டியதில்லை என்பதில் குழுவுக்கும் எனக்கும் பெருமை உண்டு.

தனி டிராக்குகளை அழிப்பதில்லை. அவசரத்தில் செய்த ஸ்டீரியோ மிக்ஸ் விற்பனைக்குப் போதும், ஆனால் சில வருடம் கழித்து நல்ல இரவுகளை மட்டும் பொறுக்கி நிதானமாக மிக்ஸ் செய்ய நினைத்தால் மூலம் வேண்டும். ஒவ்வொரு டிராக்கையும் ஃப்ளாக்காக்கி, சேனல் பட்டியலையும் என் மார்க்கர் குறிப்புகளையும் கூடவே போட்டு, இரண்டு டிஸ்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வைக்கிறோம். இப்போது கையில் இருக்கும் வேலை, கூட்ட மைக்கை நகர்த்தும் கணக்கைப் பாட்டுக்குப் பாட்டு தானாகப் போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: ஸ்னேர் மைக்கையும் மேசை மைக்கையும் ஒப்பிட்டு, அரங்கு சூடாகச் சூடாக எத்தனை சாம்பிள் குறைகிறது என்று பட்டியல் தருகிறது. மெதுவான பாட்டுகளில், ஸ்னேரே இல்லாத இடங்களில் மட்டும் இன்னும் தடுமாறுகிறது, அங்கே பேஸ் டிரம்மை வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.